பழம்பெட்டிகளின் விலை

மலர்க்குழுவினர் எம்மிடம் கட்டுரையொன்று வேண்டியபொழுது, அகத்திணையிலோ நாவலர் பெருமானின் உரைநடையிலோ யாதேனுமொரு பொருள்பற்றி யாம் எழுதுவோம் என்றே எண்ணியிருப்பர். பயிற்றப்பட்ட தமிழாசிரியனொருவன் கிற்றாருக்குரிய அம்பிளிபயர்களைப்பற்றி எழுதப்புகுவது அவர்களுக்கு வியப்பாகலாம். ஆயின், கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளாகக் கடல்கடந்து வாழும் எம் பழைய மாணவர் சிலர் எமக்கு விடுக்கும் வினாக்களுள் இலக்கண ஐயங்கள் அருகிவிட்டன. "மகன் கிற்றார் பழகுகிறான். பழைய வால்வு அம்பிளிபயர் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமோ, விடலாமோ?" என்பதே இப்பொழுது வரும் வினா. எம் பெறாமகனுக்கு யாம் செய்துகொடுத்த சிறு உதவியொன்று ரொறன்ரோவில் வாய்மொழியாகப் பரவியதன் விளைவு இது. தனித்தனியே விடையெழுதி அலுத்தமையால், யாவர்க்கும் பொதுவாக இங்கே எழுதிவிடத் துணிந்தோம்.

பௌதிகவியல் ஆசிரியர்கள் 'விரியலாக்கி' என்று கற்பிப்பதையே கடைத்தெருவில் அம்பிளிபயர் என்கிறோம். வால்வு என்பது காற்றகற்றிய கண்ணாடிக் குழாய். அதனுள்ளே சூடேறிய ஓர் உலோகத்திலிருந்து இலத்திரன்கள் புறப்பட்டு எதிரேயுள்ள தகட்டை நோக்கி ஓடும். இடையே நிற்கும் கம்பிவலையில் சிறிதளவு மின்னை ஏற்றியிறக்கினால், அப்பெரிய ஓட்டம் அதற்கேற்பக் கூடிக் குறையும். அமெரிக்கரான லீ டி பொரெஸ்ற் இவ்வலையைப் புகுத்தியது 1906 ஆம் ஆண்டில். 1947 இல் திரான்சிற்றர் பிறந்தது. அதன்பின் இருபத்தைந்து முப்பது ஆண்டுகளுக்குள் வானொலியும் தொலைக்காட்சியும் ஏறத்தாழ முற்றாக வால்வைக் கைவிட்டன. கிற்றார்க்காரர் மட்டும் கைவிடவில்லை.

அவர் கைவிடாமைக்குக் காரணம் பழமைப்பற்று மட்டுமன்று. கோயில் மண்டபத்தில் ஓதுவார்க்கு வைக்கும் அம்பிளிபயர் தன் குரலைக் காட்டலாகாது. ஓதுவாரின் குரலை உள்ளவாறே பெருக்கித் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். மின்கிற்றாரின் நிலை வேறு. அதன் உடல் பெரும்பாலும் கெட்டியான மரப்பலகை. கம்பியை மீட்டினால் பக்கத்திலிருப்பவர்க்கே செவ்வையாகக் கேளாது. வீணைக்குக் குடம் எத்தன்மைத்தோ அத்தன்மைத்து மின்கிற்றாருக்கு அம்பிளிபயர். அது வாத்தியத்தின் ஒரு பாதி. மேலும், தாங்கும் அளவுக்கு மேலாக வால்வை முடுக்கும்பொழுது அது ஒலியலையின் முகட்டைப் பொதுவாக மெல்ல மெல்ல மழுக்குகின்றது. திரான்சிற்றரோ சட்டெனத் தறித்துவிடும். அம்மழுக்கத்தில் பிறக்கும் கரகரப்பே கிற்றார்க்காரர் காசு கொடுத்துத் தேடும் பொருள். குற்றமென்று பொறியியலாளர் விலக்கியதை இசைஞர் குணமென்று கொண்டனர்.

இனி, பெயரின் பெருமையைப் பார்ப்போம். லியோ ஃபென்டர் என்பார் 1946 இல் கலிபோர்ணியாவின் புலெற்றன் நகரிலே தம் பெயரால் நிறுவிய தொழிலகத்தை, 1965 சனவரியில் 130 இலட்சம் டொலருக்கு சி.பி.எஸ். நிறுவனத்தார் வாங்கினர். 1960 களின் நடுவில் அங்கிருந்து வந்த பெட்டிகளின் முகப்பு கருநிறமானது. 1968 அளவில் தொடங்கி 1980 களின் தொடக்கம் வரை வந்தவற்றின் முகப்பு வெள்ளிநிறமானது. கருமுகப்புக்குப் பெருவிலை, வெள்ளிமுகப்புக்குச் சிறுவிலை என்று சந்தை நெடுங்காலம் தீர்ப்பளித்து வந்தது. புதிய முதலாளிமார் கீழ் வேலைத்திறன் குன்றிற்று என்பது வாதம். இதில் உண்மை பாதிதான். பெரிய பெட்டிகள் சிலவற்றின் மின்சுற்றை அவர்கள் மாற்றியது மெய்; சிறியவற்றில், ஐந்தாறு உவாற்று 'சாம்ப்' போன்றவற்றில், உள்ளே ஏறக்குறைய ஒன்றும் மாறவில்லை. முகப்பின் நிறத்துக்கே இரசிகர் காசு கொடுத்தனர். இப்பொழுது அவ்வெள்ளிமுகப்பும் மெல்ல மெல்லப் புகழேறி வருகின்றது என்பதையும் வாங்குவோர் நினைவிற் கொள்க.

இலண்டனின் ஹன்வெல் பகுதியில் மேளக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1962 இல் ஃபென்டரின் 'பாஸ்மன்' மின்சுற்றையே அடியொற்றித் தம் முதல் அம்பிளிபயரை உருவாக்குவித்தார். 1969 இல் வுட்ஸ்ரொக் மேடையில் ஜிமி ஹென்றிக்ஸின் பின்னே நின்றவை மார்ஷல் பெட்டிகள். வொக்ஸ் பெட்டிகளைப் பீற்றில்ஸ் குழுவினர் உலகறியச் செய்தனர். இவ்வாறு இசைத்தட்டிற் கேட்ட பெயர்களே விலையேறின. அதே காலத்தில், அதே வகையான வால்வுகளைக் கொண்டு, அதே கவனத்தோடு செய்யப்பட்ட வேறு பெட்டிகள் பல இருந்தன. கனடாவின் ட்ரெய்னர் அவற்றுள் ஒன்று. பீற் ட்ரெய்னர் என்பவர் ரொறன்ரோவில் இசைக்கருவி பழுதுபார்த்து வந்தவர். 1963 இல் யோர்க்வில் சவுண்ட் நிறுவனம் அவர் கைவண்ணத்தால் எழுந்தது. உறுதியைச் சோதிக்கத் தம் பெட்டியைக் கூரைமேலிருந்து கீழே போட்டுப் பார்த்தார் என்று ஒரு கதை சொல்வர். கதை எப்படியாயினும், அப்பெட்டிகளின் கனத்த தகரத்தைக் கண்டவர் அதை நம்ப மறுக்கமாட்டார்.

மதிப்பார் இன்றிக் கிடந்த ஏடுகளைத் தேடியெடுத்து, 1887 இல் கலித்தொகையை அச்சேற்றிய எம் சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளையவர்களை மாணவர்க்கு அறிமுகஞ்செய்யும் பொழுதெல்லாம், அவ்வேடுகளைப் பரணிலே போட்டிருந்தவர்கள் மூடரல்லர், அக்காலத்து வழக்கத்துக்கு அடங்கியவர்களே என்று சொல்வது எம் இயல்பு. ஏட்டையும் இரும்புப் பெட்டியையும் ஒப்பிடுவது தகாது என்பார்க்கு எம் வணக்கம். ஆயினும், செல்லரித்த ஏட்டைச் செல்லரித்தது என்று சொல்லும் நேர்மை இரண்டுக்கும் வேண்டும்.

எமக்கு இவ்வறிவு நூல்வழி வந்ததன்று. எம் தாய்மாமன் வானொலி திருத்தும் சிறுகடையொன்று வைத்திருந்தார். 1990 இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. அதன்பின் சைக்கிள் டைனமோவைச் சுழற்றித் திரான்சிற்றர் வானொலியிற் செய்தி கேட்ட காலம் இம்மலரைப் படிப்போரிற் பலர்க்கு மறந்திராது. டைனமோவின் மின் வால்வு வானொலிக்கு மூக்குப்பொடி. ஆதலால் மாமாவின் கடையிலிருந்த பிலிப்ஸ் பெட்டிகளெல்லாம் வாய்மூடி நின்றன. அவர் வால்வுகளைக் கழற்றிச் செய்தித்தாளிற் சுற்றி, பால்மா ரின் ஒன்றில் அடுக்கி வைத்தார். 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுதும் எழுந்து நடந்தபொழுது, அவருடைய சைக்கிளின் பின்னே ஒரு சாக்கு அரிசியும் அந்த ரின்னும் இருந்தன. "உடையிற சாமானை ஏன் கொண்டு வாறாய்?" என்று அம்மா கேட்டதும், அவர் மறுமொழி சொல்லாது நடந்ததும் எமக்கு நினைவுண்டு. திரும்பி வந்து, மின்சாரமும் படிப்படியாக வந்தபின்னர், பாடசாலை விட்டதும் அவரருகே அமர்ந்தே வால்வின் இயல்புகளைக் கற்றோம்.

2023 ஆம் ஆண்டு விடுமுறையில் ஸ்காபரோவிலுள்ள அண்ணர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். பெறாமகன் பல்பொருள் அங்காடியொன்றிற் சனி ஞாயிறுகளில் வேலைசெய்து, இரண்டு ஆண்டுகளிற் சேர்த்த தொகை தொள்ளாயிரம் டொலர். அதற்குமேல் ஒரு சதமும் தருவதற்கில்லை என்று அண்ணர் முன்னரே சொல்லிவிட்டார். புதிதாக ஒன்றை வாங்கினால் உத்தரவாதம் உண்டு, சுமையுங் குறைவு என்பது அவர் கட்சி. பிள்ளையோ வால்வுப் பெட்டிதான் வேண்டுமென்று நின்றான். நடுவராக யாம் அமர்த்தப்பட்டோம்.

முதலிற் பார்த்தது வெள்ளிமுகப்புள்ள ஃபென்டர் 'ட்வின் றிவேர்ப்'. விற்பவர் அது 1972 ஆம் ஆண்டினது என்றார். அவருடைய இணக்கத்தோடு பெட்டியின் உட்டகட்டை வெளியே இழுத்து, ஒலிக் கட்டுப்பாட்டுத் திருகிகளின் முதுகைப் பார்த்தோம். 1377720 என்று பொறித்திருந்தது. அமெரிக்க உறுப்புகளில் இத்தகைய எண்கள் கல்வெட்டுப் போன்றவை: முதன் மூன்றிலக்கம் செய்தவரைக் குறிக்கும் (137 என்பது சி.ரி.எஸ். நிறுவனம்), அடுத்த இரண்டு ஆண்டையும், இறுதி இரண்டு வாரத்தையும் குறிக்கும். 1977 ஆம் ஆண்டின் இருபதாம் வாரத்திற் செய்த உறுப்பு 1972 இல் வந்த பெட்டியிற் பிறவியிலேயே அமர்ந்திருக்க இயலாது. அனைத்துத் திருகிகளும் அவ்வாண்டினவே ஆதலால், பின்னர் மாற்றியவை என்றும் சொல்வதற்கில்லை. விற்பவர் பொய்யர் அல்லர். தமக்கு விற்றவர் சொன்னதைச் சொன்னார். பெட்டி நல்ல நிலையிலேயே இருந்தது. ஆயின் அது 135 உவாற்று வகை. எடையோ முப்பது கிலோவைத் தாண்டும். வால்வுகள் மழுங்கிக் கனியும் இடம்வரை அதை முடுக்கினால் அயலவர் காவற்றுறையை அழைப்பர். பெரிய மண்டபத்திற் பெரிய குழுவோடு வாசிப்பவர்க்கு அது இன்றும் ஏற்ற பொருள். பதினேழு வயதுப் பிள்ளையின் படுக்கையறைக்கன்று.

இரண்டாவதைப் பார்க்கச் சென்றவிடத்து எமக்கு உண்மையிலேயே நடுக்கம் உண்டாயிற்று. பெட்டி மிக அழகாயிருந்தது, புதுத்துணி, புதுக்கைபிடி. விலை அறுநூற்றைம்பது. பிள்ளை கண்ணெடாமற் பார்த்துக்கொண்டிருந்தான். பின்புறம் திரும்பியபோது இருகவர்ச் செருகி தொங்கிற்று. நிலத்தொடுப்புக் கம்பி இல்லை. அக்காலத்து அமெரிக்கப் பெட்டிகளில், இரைச்சலைக் குறைப்பதற்காக, மின்வழங்கற் கம்பிக்கும் தகட்டுக்கும் இடையே ஒரு கொள்ளளவியை இணைப்பது வழக்கம். அது பழுதுற்றுக் குறுக்கிணைந்தால் தகடு முழுதும் உயிர்பெறும். தகட்டோடு இணைந்த கிற்றார்க் கம்பிகளும் உயிர்பெறும். ஒரு கை கம்பியிலும் மற்றக் கை நிலத்தொடுப்புள்ள மைக்கிலும் பட்டால் மின் நெஞ்சினூடே செல்லும். பெட்டியின் கோளாறோ மேடைக் கம்பிகளின் கோளாறோ, நிலத்தொடுப்பில் வரும் பிழைக்கு விலை உயிர். 1972 மே 3 ஆம் நாள் ஸ்வான்சி நகர மேடையிலே லெஸ் ஹாவி என்னும் கிற்றார்க் கலைஞர், நிலத்தொடுப்புச் சீரில்லாத மைக்கைத் தொட்டு, சபையோர் முன்னிலையில் உயிரிழந்தார். பிள்ளை செருகியை எடுத்துச் சுவரிற் குத்தப்போனான். கையைப் பிடித்து நிறுத்தினோம். இக்குறை திருத்தக்கூடியதே, கைதேர்ந்தவர் ஒருவர் முக்கம்பி வடத்தை இட்டு அக்கொள்ளளவியை அகற்றிவிடுவார். ஆயின் வெளித்துணியைப் புதுப்பித்தவர் உள்ளே உயிராபத்தை அப்படியே விட்டிருந்தார்; மேலும் வெளியீட்டு நிலைமாற்றியைச் சுற்றி எரிந்த வாடை வீசிற்று. மூக்கு ஒரு நல்ல கருவி. நிலைமாற்றி போனால் பெட்டியின் குரலே போயிற்று; மாற்றுவதற்கும் பெருஞ்செலவு. திரும்பிவிட்டோம். பிள்ளை வழிநெடுக எம்மோடு பேசவில்லை.

மூன்றாவது, ட்ரெய்னர் 'கிற்றார் மேற்'. ஓய்வுபெற்ற கனேடியர் ஒருவரின் வீட்டு நிலக்கீழறையிற் கிடந்தது. தூசி; மூலையிற் கிழிந்த துணி; முகப்பெழுத்துப் பாதி அழிந்திருந்தது. கேட்ட விலை ஐந்நூறு. செருகி முக்கவர். பின்பலகையைக் கழற்றியதும் யாம் கண்டவை இரண்டு ஈ.எல். 84 வால்வுகள். மாமாவின் பிலிப்ஸ் வானொலிகளின் இறுதிப்படியில் இருந்தவையும் அவைதாம். வொக்ஸ் பெட்டிகளை எழுப்புபவையும் அவைதாம். ஊரிலே கடைசியாகத் தொட்ட பொருளை நிலக்கீழறையொன்றிற் கண்டபோது எமக்குண்டான உவகையை, நடுநிலை பிறழும் என்றஞ்சி, அண்ணர்க்கு அப்போது சொல்லவில்லை.

முதலில் ஒலியை முற்றாகக் குறைத்துவிட்டுச் செவிகொடுத்தோம். இடையறாத தாழ்ந்த முரல்வு கேட்டது. மின்னை வடித்துத் தரும் கொள்ளளவிகள் உலர்ந்தமையின் அடையாளம் அது. ஐம்பதாண்டுப் பெட்டியில் அவை உலராதிருந்தாலே வியப்பு. மாற்றுவதற்கான செலவு கணக்கிடத்தக்கது. திருகியைத் திருப்பக் கரகரத்தது. அது தூசி, ஒரு பொருட்டன்று. பென்சிலால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டினோம். முன்படி வால்வுகளுள் ஒன்று மணிபோல ஒலித்தது. அதை மாற்ற வேண்டும். விளக்கை அணைத்து ஈ.எல். 84 களின் தகடுகளைப் பார்த்தோம். உள்ளிழை செம்மஞ்சளாக ஒளிர்வது முறை. தகடு சிவந்தால் கேடு. சிவக்கவில்லை. ஒலிபெருக்கியின் கூம்பை இருபுறமும் விரல்வைத்து மெல்ல அழுத்தினோம், உராய்வில்லை. பெட்டியை அணைத்து, கொள்ளளவிகளிற் தங்கிய மின்னை முறைப்படி இறக்கிய பின்னரே நிலைமாற்றியை அளவிட்டோம். நானூறு வோல்ற்றளவு மின் அணைத்த பின்னும் அங்கே ஒளிந்திருக்கும். இம்முறை அறியாதார் உள்ளே கைவைக்கவே வேண்டாம் என்று எம் மாணவரைக் கேட்டுக்கொள்கிறோம். நிலைமாற்றியின் இரு பாதிகளின் தடையும் ஏறத்தாழ ஒத்திருந்தன. சுருள்வில் எதிரொலி மட்டும் ஊமையாயிருந்தது. பார்த்தால், இணைப்புச் செருகியொன்று கழன்று கிடந்தது.

இத்தகைய பெட்டிக்குக் கேட்ட விலை விலையன்று. ஐந்நூறோடு கொள்ளளவிகளும் வால்வுகளும் திருத்துநரின் கூலியும் சேர்ந்ததே விலை. அண்ணர் தொலைபேசியில் ஒரு திருத்துநரிடம் விசாரித்தார். முந்நூறுக்குள் முடியும் என்றார் அவர். எண்ணூறு. கையிருப்பு தொள்ளாயிரம். "சித்தப்பா, எடுப்பமோ?" என்றான் பிள்ளை. எடுக்கலாம் என்றோம்.

சேகரிப்போர் இதற்கு வேறு கணக்குச் சொல்வர்: பழைய கொள்ளளவியை மாற்றினால் பெட்டியின் 'முதன்மை' குன்றும் என்பர். கண்ணாடிப் பேழையில் வைப்பதற்கு வாங்குவோர்க்கு அது சரியாகலாம். வாசிக்க வாங்குபவன் அதைக் கேட்க வேண்டியதில்லை. கும்பாபிஷேகத்துக்கு முன் திருப்பணி செய்கிறோம். மூலவர் மாறிவிட்டார் என்று எவரும் சொல்வதில்லை. மாறலாகாதவை நிலைமாற்றிகளும் மின்சுற்றின் அமைப்புமே. எமக்கு அகப்பட்ட பெட்டியில் அவை பிறவிப்படியே இருந்தன. பெயர் புகழற்றிருந்ததால், எவரும் தோண்டித் திருத்திக் கெடுக்கவில்லை. வழக்கிழந்த பெட்டிகளில் இந்நன்மையை அடிக்கடி காணலாம்.

அண்ணரின் வாதத்தையும் முற்றாகத் தள்ளுவதற்கில்லை. இன்றைய கணினிவகை அம்பிளிபயர்கள் பத்துப் பெட்டிகளின் குரலை ஒருவாறு போலச்செய்கின்றன. விலையும் எடையுங் குறைவு. கிற்றார் பிடிக்கத் தொடங்கிய சிறுவனுக்கு அதுவே போதும். அருகில் வால்வறிந்த திருத்துநர் இல்லாவிடத்தில் பழம்பெட்டி ஒரு சுமை. வால்வுகளும் தேயும், இன்று அவை பெரும்பாலும் இரசியாவின் சரத்தோவிலும் சிலோவாக்கியாவிலும் சீனாவிலுமே செய்யப்படுகின்றன. 2022 இல் உக்ரேன் போரையொட்டி இரசிய வால்வுகளின் வரவு தடைப்பட்டபொழுது விலைகள் ஏறின. வாங்குவோர் இதையும் கணக்கிற் சேர்க்க.

கிற்றார் மேற்றுக்கு முதலிற் சிலோவாக்கிய வால்வுகளே இட்டனர். அடுத்த ஆண்டு ஊரிலிருந்து சென்ற உறவினரிடம், மாமாவின் பால்மா ரின்னிலிருந்த நான்கு ஈ.எல். 84 களைக் கொடுத்தனுப்பினோம். முல்லார்ட் முத்திரை இன்னும் படிக்கக்கூடியதாயிருந்தது. மாமா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். நான்கினுள் ஒன்றின் தலையிலிருந்த வெள்ளிப்பூச்சுப் பால்நிறமாகியிருந்தது. காற்றுப் புகுந்துவிட்டது என்பதே அதன் பொருள். மற்றொன்று சோதனைக் கருவியில் மெலிவு காட்டிற்று. எஞ்சிய இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவின; அவையே இப்பொழுது அப்பெட்டியில் உள்ளன. குரல் வேறுபட்டதா என்று கேட்டெழுதினோம். "கொஞ்சம்" என்று பிள்ளை எழுதினான்.

இத்தகையதொன்றை ஊருக்குக் கொண்டுவரலாமா என்று கேட்போர்க்கு ஒரு சொல். அமெரிக்க, கனேடியப் பெட்டிகள் 120 வோல்ற்று, 60 சுற்றுக்கு அமைந்தவை. எம் நாட்டு வழங்கல் 230 வோல்ற்று, 50 சுற்று. இறக்கு நிலைமாற்றி கட்டாயம் வேண்டும். அதைக்கொண்டு வோல்ற்றைக் குறைக்கலாமேயன்றிச் சுற்றை மாற்றவியலாது. 50 சுற்றில் பெட்டியின் நிலைமாற்றி கூடுதலாகச் சூடேறும். ஆதலால் 120 க்குச் சற்றுக் குறைவாக இறக்குவது நன்று. பிரித்தானியப் பெட்டிகளுக்கு இவ்விடர் பொதுவாக இல்லை.

விளையாட்டுப் போட்டி நாட்களில் மைதான வேப்பமரத்தில் ஊதுகுழல் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தல் செய்த காலத்துப் பழைய மாணவர்க்கு, எம் கல்லூரியின் சாம்பல்நிற அம்பிளிபயர் நினைவிருக்கலாம். அது மண்டபத்தின் பின்னறையில், உடைந்த மேசைகளின் கீழ்க் கிடந்தது. யூபிலி விழாவை முன்னிட்டு அறையை வெளியாக்கியபோது கழிவிரும்போடு போகவிருந்ததை அதிபரிடம் கேட்டுப் பெற்று, எம் வீட்டு மேசையில் வைத்துத் திறந்திருக்கிறோம். இரண்டு ஈ.எல். 34 வால்வுகள், ஒன்று பால்நிறம். நிலைமாற்றிகள் எரியவில்லை, வாடையும் இல்லை. இன்னும் மின் கொடுக்கவில்லை. கொள்ளளவிகளுக்குக் கொழும்பில் சொல்லிவைத்திருக்கிறோம்.